பரிணாமக் கொள்கையைத் தத்துவப் பாடத்திலிருந்து எடுக்காதீர்கள்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

அடுத்த கல்வியாண்டுக்கான இளங்கலைத் தத்துவப் பாடத்திட்டத்திலிருந்து 'பரிணாமக் கொள்கையும் தத்துவமும்' என்ற அலகை முழுவதுமாக நீக்கியிருக்கிறீர்கள். சுற்றறிக்கையில் அதற்குச் சொல்லியிருக்கும் காரணம் ஒரே வரி: இது உயிரியல் துறைக்கு உரிய பொருள். அந்த அலகைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். இந்த முடிவை வாய்மூடி ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. துறை வழியாக அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வராததால் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நீக்கியதைவிட, விட்டுவைத்திருப்பது என்னை அதிகம் உறுத்துகிறது. அறவியல் தாளில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சர் பற்றிய பகுதி அப்படியே இருக்கிறது. 'தகுதியுள்ளவை பிழைக்கும்' என்ற தொடரை 1864-இல் எழுதியவர் அவர்தான். டார்வின் அதைத் தம் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் ஐந்தாம் பதிப்பில், 1869-இல்தான் எடுத்துக்கொண்டார். பரிணாமம் போகும் திசையிலிருந்தே நல்லது எது என்று தெரிந்துகொள்ளலாம் என்று ஸ்பென்சர் கட்டிய வாதம் கேள்வியில்லாமல் நின்றுவிடவில்லை. இயற்கையில் இருப்பதிலிருந்து நல்லது எது என்பதற்குத் தாவும் அந்தத் தாவலைத் தத்துவவாதி ஹென்றி சிட்ஜ்விக் 1876-இலேயே கேள்வி கேட்டார். தாமஸ் ஹக்ஸ்லி 1893-இல் ஆக்ஸ்போர்டில் அதற்கு எதிராகப் பேசினார். தத்துவவாதி ஜி. இ. மூர் 1903-இல் ஸ்பென்சரைப் பெயர் சொல்லி மறுத்தார். இந்த மூவரும் இருந்தது நீங்கள் நீக்கிய அலகில். ஆக, இனி உங்கள் மாணவர் ஸ்பென்சரின் முடிவை மட்டும் படிப்பார். அது எப்படி உடைந்தது என்பதைப் படிக்க மாட்டார்.

இதன் விளைவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏறக்குறைய எல்லா ஆண்டும் யாராவது ஒரு மாணவர் எழுந்து, "வலியது வாழும் என்பதுதானே இயற்கையின் விதி? அப்புறம் நலிந்தவர்களை ஏன் தாங்கிப் பிடிக்க வேண்டும்?" என்று கேட்பார். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. எங்கு பார்த்தாலும் அதுதான் அறிவியல் என்று படித்திருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு ஓர் ஆசிரியர் தரக்கூடிய மிகச் சிறந்த பதில் அறிவுரை அல்ல. ஹக்ஸ்லியின் அந்த உரையை வகுப்பில் சேர்ந்து படிப்பதுதான். டார்வினுக்காக ஊர் ஊராக வாதாடியவர் அவர். அவரே, சமூகத்தின் அற முன்னேற்றம் இயற்கையின் போக்கைப் பின்பற்றுவதில் இல்லை, அதை எதிர்த்து நிற்பதில் இருக்கிறது என்கிறார். அதன் பிறகு மூர் வருகிறார்: 'இது பரிணாமத்தில் பிந்தி வந்தது' என்று நிறுவிவிட்டாலும் 'இது நல்லதா?' என்ற கேள்வி மூடாமல் அப்படியே இருக்கிறதே, என்ன செய்வீர்கள் என்று.

அந்த வகுப்புகளில் எல்லோரும் ஹக்ஸ்லியை ஒப்புக்கொண்டதில்லை. ஒரு மாணவர் தம் கட்டுரையில் இப்படி வாதாடினார்: நம் அற உணர்வும் இயற்கையிலிருந்து வந்ததுதான் என்றால், இயற்கையை எதிர்த்துச் சண்டை போடுவது யார்? இயற்கையின் ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு மோதுகிறது என்றுதானே ஆகும்? அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி 1898-இல் ஹக்ஸ்லிக்கு எழுப்பிய மறுப்பும் ஏறக்குறைய இதுதான். அந்த மாணவர் டூயியைப் படித்திருக்கவில்லை. தாமாக அங்கே போய்ச் சேர்ந்திருந்தார். தத்துவக் கல்வி எதற்காக என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். இப்படி ஒரு சிந்தனை பிறக்கும் இடத்தைத்தான் நீங்கள் மூடுகிறீர்கள்.

இனி உங்கள் காரணத்துக்கு வருகிறேன்.

'இது உயிரியலுக்கு உரியது' என்பது நிர்வாகக் குறிப்பு போலத் தோன்றலாம். உண்மையில் அது ஒரு தத்துவ நிலைப்பாடு. அதற்கு ஒரு வரலாறும் உண்டு. தத்துவவாதி விட்கென்ஸ்டைன் 1921-இல் வெளிவந்த தம் முதல் நூலில், மற்ற எந்த இயற்கை அறிவியல் கருதுகோளுக்கும் தத்துவத்தோடு எவ்வளவு தொடர்பு உண்டோ அவ்வளவுதான் டார்வினின் கொள்கைக்கும் என்று எழுதினார். குழுவின் கருத்து அதுவே என்றால் நல்லது, அதை வாதமாக முன்வையுங்கள். எதிர்ப்பக்கத்தையும் கேளுங்கள். டார்வினே 1838-இல், சூழலுக்குப் பொருந்தியவை தப்பிப் பிழைத்துப் பெருகுகின்றன என்ற இயற்கைத் தேர்வு எண்ணம் அவருக்குள் முழு வடிவம் பெறுவதற்கு முன்பே, தம் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்: பபூன் குரங்கைப் புரிந்துகொள்பவர் மீவியலுக்கு (உள்ளவற்றின் அடிப்படைத் தன்மை பற்றிய தத்துவப் பிரிவுக்கு) தத்துவவாதி ஜான் லாக்கைவிட அதிகம் செய்துவிடுவார் என்று. 1909-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேசிய டூயி, டார்வினின் நூல் தத்துவத்தின் கேள்விகளையே இடம் மாற்றிவிட்டது என்றார். மாறாத வடிவங்களைத் தேடுவதை விட்டுவிட்டு மாற்றம் எப்படி நடக்கிறது என்று கேட்கச் சொன்னார். பழைய கேள்விகள் பலவற்றுக்கு விடை கிடைப்பதில்லை, அவற்றைக் கடந்து போகிறோம் என்பது அவருடைய துணிச்சலான கருத்து. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் விட்கென்ஸ்டைனா டூயியா என்று மாணவர்கள் விவாதிக்க வேண்டிய ஒரு கேள்வியை, ஒரு சுற்றறிக்கை தானே தீர்ப்பு சொல்லி முடித்துவிட்டது. இது சரியல்ல.

உங்கள் பாடத்திட்டத்துக்குள்ளேயே பாருங்கள். சமயத் தத்துவத் தாளில் வடிவமைப்பு வாதம், அதாவது உலகின் ஒழுங்கே அதை வடிவமைத்த கடவுள் உண்டு என்று காட்டுகிறது என்ற வாதம், இருக்கிறது. கடிகாரம் இருந்தால் அதைச் செய்தவரும் இருக்க வேண்டும் என்று 1802-இல் வில்லியம் பேலி எழுதிய கடிகார வாதம் இருக்கிறது. அதற்கு முன்பே, 1779-இல் வெளிவந்த உரையாடல்களில் டேவிட் ஹ்யூம் அந்த வகை வாதத்தை அலசியதும் இருக்கிறது. இரண்டையும் படித்து முடித்ததும் மாணவர்கள் என்ன கேட்பார்கள் என்று இந்தத் தாளை நடத்திய யாருக்கும் தெரியும்: "ஹ்யூம் சொல்வது சரி, உலகத்தைக் கடிகாரத்தோடு ஒப்பிடுவது பலவீனமான ஒப்பீடுதான். ஆனால் கண் எப்படி வந்தது?" ஹ்யூமிடம் இதற்கு உறுதியான பதில் இல்லை. சில ஊகங்களைப் போட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். கான்ட் 1790-இல், ஒரு புல்லின் இதழை நோக்கமில்லாத இயற்கை விதிகளால் மட்டும் விளக்கிக்காட்டும் ஒரு நியூட்டன் வருவார் என்று நம்புவதுகூட மனிதர்களுக்கு அபத்தம் என்று எழுதினார். இவ்வளவு பெரிய சிந்தனையாளர் இவ்வளவு உறுதியாகச் சொன்னதற்கு எழுபது ஆண்டுகள்கூட ஆகவில்லை, 1859 நவம்பரில் டார்வினின் நூல் வந்துவிட்டது. கான்ட் தோற்றாரா, அல்லது உயிருள்ளதைப் பற்றிப் பேசும்போது 'எதற்காக' என்று கேட்காமல் இருக்க நம்மால் முடியாது என்ற அவருடைய ஆழமான கருத்து இன்னும் நிற்கிறதா? இன்றுவரை தத்துவவாதிகள் இதில் மோதிக்கொள்கிறார்கள். இதயத்தின் வேலை இரத்தத்தை ஏற்றுவது, ஓசை எழுப்புவது அல்ல என்று எந்த அடிப்படையில் சொல்கிறோம் என்ற கேள்வி அதன் நேர் வாரிசு. பேலியை வைத்துக்கொண்டு டார்வினை எடுத்துவிட்டால், மாணவருக்கு 1802-இலேயே கதை நின்றுவிடும்.

இன்னும் பின்னால் போனால் அரிஸ்டாட்டில். முன்பற்கள் கூர்மையாகவும் கடைவாய்ப் பற்கள் அகலமாகவும் அமைந்தது தற்செயலாக இருக்கக் கூடாதா, பொருந்தி அமைந்தவை மட்டும் தப்பித்திருக்கக் கூடாதா என்று தமக்கு முந்திய கிரேக்கச் சிந்தனையாளர் எம்பெடோக்ளீஸ் வழியில் ஒரு கேள்வியை அவரே எழுப்பி, அவரே மறுக்கிறார்: எப்போதும் அல்லது பெரும்பாலும் ஒரே மாதிரி நடப்பது தற்செயலாக இருக்க முடியாது என்று. மிக வலுவான மறுப்பு அது. மாறுபாடு குருட்டுத்தனமாக வரலாம், ஆனால் தேர்வு அப்படி அல்ல என்று பிரித்துக் காட்டிய பிறகுதான் அதற்குப் பதில் கிடைத்தது. கிரேக்கத் தத்துவத் தாளில் அரிஸ்டாட்டிலின் நான்கு காரணங்களை மனப்பாடம் செய்யும் மாணவருக்கு இந்தத் தொடர்ச்சியைக் காட்ட இனி எந்த இடமும் கிடையாது.

அறிவியல் முறை பற்றிய தாளுக்கும் இதே கதிதான். ஜான் ஸ்டூவர்ட் மில் 1862-இல் தம் தர்க்க நூலின் ஐந்தாம் பதிப்பில் டார்வினைப் பற்றி ஓர் அடிக்குறிப்பு சேர்த்தார். முறையான கருதுகோளுக்குக் குற்றம் சொல்ல முடியாத எடுத்துக்காட்டு என்று பாராட்டினார். ஆனால் கருதுகோள் நிரூபிக்கப்பட்டுவிட்டது என்று சொல்லவில்லை. அவர் இறந்த பின் 1874-இல் வந்த சமயக் கட்டுரைகளில், அன்றைய அறிவு நிலையில் தராசு வடிவமைப்பின் பக்கமே சாய்கிறது என்று எழுதியிருந்ததும் தெரிந்தது. ஒரு கருத்தின் முறையை மதித்து, அதன் உண்மையைப் பற்றித் தீர்ப்பை ஒத்திவைக்கும் இந்த நிதானத்தை மாணவர்களிடம் காட்ட இதைவிட நல்ல பக்கம் எனக்குத் தெரியாது.

கார்ல் பாப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். பொய்ப்பிக்கக் கூடியதே, அதாவது தவறு என்று சோதனையில் காட்ட வாய்ப்புள்ளதே, அறிவியல் என்ற அவருடைய அளவுகோலை உங்கள் பாடத்திட்டம் வைத்திருக்கிறது. அந்த அளவுகோலோடு அவரே டார்வினிடம் போனபோது நடந்ததை மட்டும் எடுத்துவிட்டீர்கள். 1974-இல் அவர் டார்வினியம் சோதிக்கத்தக்க அறிவியல் கொள்கை அல்ல, அது ஒரு மீவியல் ஆய்வுத் திட்டம் என்று எழுதினார். பரிணாமத்தை மறுப்பவர்கள் அந்த வரியைக் கையில் எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினார்கள். 1977-இல் கேம்பிரிட்ஜின் டார்வின் கல்லூரியில் பேசியபோது, இயற்கைத் தேர்வைச் சோதிக்க முடியும் என்று இப்போது கருதுவதாகவும் தம் பழைய கருத்தைத் திரும்பப் பெறுவதாகவும் வெளிப்படையாக அறிவித்தார். அடுத்த ஆண்டு அது அச்சிலும் வந்தது. புகழின் உச்சியில் இருந்த ஒரு தத்துவவாதி எல்லோர் முன்னாலும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். இதை மாணவர்களிடமிருந்து மறைத்துவிட்டு அவருடைய அளவுகோலை மட்டும் கொடுப்பது அவருக்கும் நியாயம் அல்ல.

உயிரியல் துறையே இதைப் பார்த்துக்கொள்ளும் என்கிறீர்கள். பார்த்துக்கொள்ள முடியாமல் போன இடம் நீதிமன்றம். 1982-இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், உயிர்களைக் கடவுளே நேரடியாகப் படைத்தார் என்ற படைப்புக் கொள்கைக்குப் பரிணாமத்தோடு சம நேரம் ஒதுக்க வேண்டும் என்ற சட்டத்தை நீதிபதி வில்லியம் ஓவர்டன் செல்லாது என்று தீர்ப்பளித்தார். அறிவியல் என்றால் என்ன என்று அந்த வழக்கில் சாட்சி சொன்னவர் தத்துவவாதி மைக்கேல் ரூஸ். இயற்கை விதிகளால் வழிநடத்தப்படுவது, சோதிக்கத்தக்கது, முடிவுகளைத் தற்காலிகமாக வைத்திருப்பது, பொய்ப்பிக்கக் கூடியது என்று தீர்ப்பில் வந்த அளவுகோல்கள் தத்துவத்தின் பட்டறையிலிருந்து போனவை. உடனே இன்னொரு தத்துவவாதி லாரி லாடன் எதிர்த்து எழுதினார். படைப்புக் கொள்கையின் பல கூற்றுகளைச் சோதிக்க முடியும், சோதித்தும் பார்த்தாகிவிட்டது, அவை பொய் என்று தெரிந்துவிட்டது. அப்படியிருக்க அவற்றைச் சோதிக்கவே முடியாது என்று சொல்லி வெல்வது தவறான வழி என்றார். தீர்ப்பை வரவேற்றுவிட்டு அதன் காரணத்தை மறுப்பது எப்படி என்று மாணவர்களுக்கு இது கற்றுக்கொடுக்கும். 2005-இல், பள்ளியில் 'அறிவார்ந்த வடிவமைப்பு'க் கருத்தைக் கொண்டுவந்தது பற்றிய பென்சில்வேனியாவின் டோவர் வழக்கில் மறுபடியும் ராபர்ட் பென்னாக், பார்பரா ஃபாரஸ்ட் என்ற இரு தத்துவவாதிகள் சாட்சிக் கூண்டில் நின்றார்கள். பள்ளிப் பிள்ளைகள் என்ன படிக்க வேண்டும் என்ற கேள்வியில் நீதிமன்றமே தத்துவவாதிகளைக் கேட்டிருக்கிறது. ஒரு தத்துவத் துறை அந்தப் பொருளைத் தனக்கு உரியது அல்ல என்று கைகழுவுவதை நான் எப்படிப் புரிந்துகொள்வது?

உயிரியல் துறை மாணவர்களும் இந்த வகுப்புக்கு வந்து அமர்ந்திருக்கிறார்கள். மரபணு அலைவு, தகவமைப்பு எல்லாம் எங்கள் மாணவர்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் 'இனம்' (புலி, மனிதர் என்பது போன்ற உயிரினம்) என்பது எப்படிப்பட்ட பொருள் என்ற கேள்வியை யாரும் தங்களிடம் கேட்டதே இல்லை என்று அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். உயிரியலாளர் மைக்கேல் கிசெலின் 1974-இலும் தத்துவவாதி டேவிட் ஹல் 1978-இலும் வைத்த வாதத்தை அவர்களோடு படித்தபோது வகுப்பு நேரம் போதவில்லை. இனம் என்பது தங்கம், நீர் போல ஒரு வகை அல்ல. பிறந்து, பிரிந்து, ஒருநாள் மறைந்துபோகும் தனிப் பொருள் என்பது அந்த வாதம். அதை ஏற்றுக்கொண்டால், எல்லா மனிதருக்கும் பொதுவான, மாறாத 'மனித இயல்பு' என்ற ஒன்று இருக்கிறதா என்ற கேள்வி நேரடியாக மேசைக்கு வந்துவிடுகிறது. அரசியல் தத்துவத்திலும் அறவியலிலும் நாம் அந்தத் தொடரை எவ்வளவு எளிதாகப் பயன்படுத்துகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

நான் மிக அதிகமாக வருந்துவது தேனீ வாதத்துக்காக. டார்வின் 1871-இல் வெளியிட்ட மனிதனின் மரபு பற்றிய நூலில் ஒரு பத்தி வருகிறது. மனிதர்கள் தேன்கூட்டில் தேனீக்கள் வாழும் அதே நிலைமைகளில் வளர்ந்திருந்தால், மணமாகாத பெண்கள் தங்கள் சகோதரர்களைக் கொல்வதைப் புனிதக் கடமையாகக் கருதுவார்கள், தாய்மார் இனப்பெருக்கத் திறனுள்ள மகள்களைக் கொல்ல முயல்வார்கள், யாருக்கும் அதைத் தடுக்கத் தோன்றாது என்கிறார். அதே ஆண்டே எழுத்தாளர் பிரான்சிஸ் பவர் காப் அந்தப் பத்தியைப் பிடித்துக்கொண்டார். மனச்சாட்சி நம் வாழ்நிலைமைகளின் விளைபொருள் மட்டுமே என்றால், அது சொல்வதற்கு என்ன அதிகாரம் மிஞ்சும் என்பது அவருடைய கேள்வி. இது நடந்து நூற்று முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2006-இல், தத்துவவாதி ஷாரன் ஸ்ட்ரீட் அதே இடத்தை வேறு கருவிகளோடு தோண்டினார். நம் மதிப்பீடுகளைப் பரிணாமம் பெரிதும் வடிவமைத்திருக்கிறது. நம்மைச் சாராமல் நிற்கும் அற உண்மைகள் உண்டு என்பவர் இதற்கு இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த உண்மைகளுக்கும் பரிணாமத்துக்கும் தொடர்பே இல்லை என்றால், நம் மதிப்பீடுகள் சரியாக அமைந்திருப்பது வெறும் அதிர்ஷ்டம். தொடர்பு உண்டு, உண்மையைக் கண்டுகொண்ட முன்னோர்கள் தப்பிப் பிழைத்தார்கள் என்றால், அது அறிவியல் விளக்கமாகவே நிற்காது. பிழைக்க உதவிய மனப்பாங்குகள் தங்கின என்ற எளிய விளக்கம் அதைத் தோற்கடித்துவிடும். காப் கடவுளை நம்பியவர், மனச்சாட்சியின் அதிகாரத்தைக் காப்பாற்ற எழுதினார். ஸ்ட்ரீட் எதிர்த்திசையில் போய், நம்மைச் சாராத அற உண்மைகளே இல்லை என்று முடிக்கிறார். ஒரே கேள்வி ஒன்றரை நூற்றாண்டில் இப்படித் தலைகீழாகத் திரும்புவதை வகுப்பில் பார்த்த மாணவர்கள் அதன் பிறகு அறவியல் தாளையே வேறு மாதிரி படித்தார்கள். பாடம் முடிந்து பல நாள் கழித்தும் வாசலில் நின்று தேனீக்களைப் பற்றி வாதாடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெண் தத்துவவாதிகள் மிகக் குறைவாக இருக்கும் பாடத்திட்டம் நம்முடையது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். காப், ஸ்ட்ரீட் இருவரும் போய்விட்டார்கள். டார்வினும் ஸ்பென்சரும் ஆணின் பக்கத்திலிருந்தே பரிணாமத்தைக் கணக்கிடுகிறார்கள் என்று 1875-இலேயே வாதாடிய ஆன்டோனெட் பிரவுன் பிளாக்வெல்லும் போய்விட்டார். மிஞ்சியிருப்பவர் ஸ்பென்சர்.

குழுவில் இன்னொரு காரணமும் பேசப்பட்டதாகக் கேள்வி: இந்த அலகு மாணவர்களின் நம்பிக்கையைப் புண்படுத்தும் என்று. அப்படி யாராவது கவலைப்பட்டிருந்தால், அந்தக் கவலையை மதித்தே பதில் சொல்கிறேன். இந்த அலகு டார்வினுக்கு வாழ்த்துப்பா பாடியது இல்லை. தாவரவியலாளர் ஏசா கிரே கடவுள் நம்பிக்கையோடே டார்வினை ஆதரித்து எழுதியது இதில் இருந்தது. வாழ்வின் சாரம் பிழைத்திருப்பதற்கான போராட்டம் அல்ல, ஆற்றலின் பெருக்கமே என்று டார்வினை எதிர்த்த நீட்சே இருந்தார். 1907-இல் இயந்திரத்தனமான விளக்கம் போதாது என்று உயிர்ப்பின் உந்துதலைப் பற்றி எழுதிய பெர்க்சன் இருந்தார். பரிணாமத்தை உணர்வின் படிப்படியான வெளிப்பாடாகக் கண்ட ஸ்ரீ அரவிந்தர் இருந்தார். உணர்வையும் பகுத்தறிவையும் இன்றைய டார்வினியப் பொருள்முதல்வாதத்தால் விளக்க முடியாது என்று 2012-இல் எழுதிய தாமஸ் நேகல் இருந்தார், அவர் நாத்திகர். கடவுள் நம்பிக்கையுள்ள ஆல்வின் பிளான்டிங்கா 1993-இல் வைத்த வாதத்துக்கு ஒரு முழு வாரம் ஒதுக்கியிருந்தோம். நம் மூளை பிழைப்பதற்காக மட்டுமே தேர்வானது என்றால், அது உண்மையைச் சொல்லும் என்று நம்ப என்ன ஆதாரம், அந்த மூளையால் எட்டிய பரிணாமக் கொள்கையையே எப்படி நம்புவது என்கிறார் அவர். டார்வினுக்கே அந்த ஐயம் இருந்தது. ஒரு குரங்கின் மனத்தில் உறுதியான எண்ணங்கள் இருந்தால் யாராவது அவற்றை நம்புவார்களா என்று 1881 ஜூலையில் வில்லியம் கிரஹாமுக்கு எழுதிய கடிதத்தில் கேட்கிறார். இதற்கு எதிர்ப்பக்கத்தில் அமெரிக்கத் தத்துவவாதி குவைன் நிற்கிறார்: எப்போதும் தவறாகவே ஊகிக்கும் உயிர்கள் தங்கள் இனத்தைப் பெருக்குவதற்கு முன்பே செத்துப்போகும் என்று. ஆழ்ந்த நம்பிக்கையுள்ள மாணவர்கள்தான் இந்த விவாதத்தில் மிக நன்றாக எழுதினார்கள். அவர்கள் புண்பட்டதை நான் பார்க்கவில்லை. தங்கள் கேள்வியை இவ்வளவு பெரியவர்கள் இவ்வளவு கவனமாகக் கையாண்டிருக்கிறார்களே என்று நிமிர்ந்து உட்கார்ந்ததைத்தான் பார்த்தேன்.

இந்தக் கொள்கையின் பெயரால் நடந்த கொடுமைகளையும் அங்கேதான் பேசினோம். டார்வினின் உறவினர் பிரான்சிஸ் கால்டன் 1883-இல் பெயர் சூட்டிய இனமேம்பாட்டுக் கொள்கை ('தகுதியானவர்கள்' மட்டும் பிள்ளை பெற வேண்டும் என்பது), பிற்பாடு பல நாடுகளில் கட்டாயக் கருத்தடைச் சட்டங்கள் வரை போனது. அதை ஆதரித்தவர்கள் எங்கே 'இருக்கிறது' என்பதிலிருந்து 'இருக்க வேண்டும்' என்பதற்குத் தாவினார்கள் என்று அடையாளம் காட்டும் பயிற்சி தத்துவ மாணவருக்கு வேண்டும். உயிரியல் ஆய்வகத்தில் அதற்கு நேரம் ஒதுக்க மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஆகவே நான் கேட்பவை இவை.

மாணவர் சேர்க்கை தொடங்குவதற்கு முன்பு இந்த நீக்கத்தைத் திரும்பப் பெறுங்கள். அலகை அறிவியல் தத்துவத் தாளில் பழைய இடத்திலேயே வையுங்கள்.

பாடவேளை போதவில்லை என்பதுதான் சிக்கல் என்றால் அதைச் சொல்லுங்கள், சுருக்கித் தருகிறேன். பெர்க்சனையும் நீட்சேவையும் விருப்ப வாசிப்புக்கு மாற்ற எனக்கு மனமில்லை, ஆனாலும் மாற்றுவேன். வடிவமைப்பு வாதத்துக்கு டார்வினின் பதில், தேனீ வாதம் தொடங்கி ஸ்ட்ரீட் வரையிலான அறவியல் விவாதம், பாப்பரின் மாற்றமும் ஆர்கன்சா வழக்கும், இனம் என்றால் என்ன என்ற கேள்வி ஆகிய நான்கையும் மட்டும் தொடாதீர்கள்.

நீக்கத்தில் நீங்கள் உறுதியாக இருந்தால்கூட, அறவியல் தாளில் ஸ்பென்சரைத் தனியாக விடாதீர்கள். ஹக்ஸ்லியின் 1893 உரையும் மூரின் மறுப்பும் அவரோடு கட்டாய வாசிப்பாக இருக்கட்டும். முடியாது என்றால் ஸ்பென்சரையும் எடுத்துவிடுங்கள். இந்த ஒரு திருத்தத்துக்கு அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

உயிரியல் துறையோடு பேசி, இரு துறை ஆசிரியர்களும் சேர்ந்து நடத்தும் ஒரு விருப்பப் பாடமாகவும் இதை இரு துறை மாணவர்களுக்கும் திறந்துவிடுங்கள். என் பங்கு வகுப்புகளைக் கூடுதல் பணியாக எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.

முடிவெடுத்த கூட்டத்தின் குறிப்பை வெளியிடுங்கள். இந்த அலகை நடத்தும் ஆசிரியர்களையும் அதைப் படித்த மாணவர்களையும் அடுத்த கூட்டத்துக்கு அழைத்து நேரில் கேளுங்கள். அதன் பின் நீங்கள் எடுக்கும் முடிவை, அதற்கான வாதங்களோடு எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
இந்த அலகை நடத்திவரும் தத்துவ ஆசிரியர்